கிரிப்டோ: ஊரே கையில் வைத்திருக்கும் கணக்கு நோட்டு

போன ஆடியில் பேராவூரணிப் பக்கம் ஒரு மொய் விருந்துக்குப் போயிருந்தேன். கறிச்சோறு முடிந்து ரசம் வருவதற்குள் சித்தப்பா கேட்டார்: “இந்த பிட்காயின் என்கிறார்களே, அதை வாங்கினால் எங்கே வைப்பது? போனுக்குள்ளா?” பக்கத்து இலைக்காரர் அது இணையத்தில் எங்கோ இருக்கும் என்றார். எதிர்ப்பந்தியில் இருந்த கல்லூரி மாணவன் வாலட்டில் இருக்கும் என்றான். மூன்றாமவர் “எல்லாமே மோசடி, இலையைப் பாருங்கள்” என்று பேச்சை முடித்து வைத்தார்.

மூன்று பதில்களும் தவறு. கேள்வி மட்டும் அருமையானது. கிரிப்டோகரன்சி பற்றி நம்மிடையே புழங்கும் குழப்பங்களில் பாதிக்கு மேல் ‘காயின்’ என்ற சொல்லிலிருந்து முளைத்தவை. காயின் என்றதும் மனம் ஒரு வட்டமான பொருளைத் தேடுகிறது. பத்திரிகைகளும் தங்க நிறத்தில் ஒரு நாணயத்தின் படத்தைப் போட்டு அந்தத் தேடலுக்கு நெய் ஊற்றுகின்றன. அப்படி ஒரு பொருள் கிடையாது. பிட்காயின் எங்கேயும் ‘இருப்பதில்லை’. யாரிடம் எவ்வளவு என்ற எழுத்து மட்டும்தான் இருக்கிறது. அந்த எழுத்து எங்கே இருக்கிறது, யார் எழுதுகிறார்கள், ஏன் அதை யாராலும் அழிக்க முடியவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. வாங்கலாமா கூடாதா என்று கேட்டு வந்தவர்களுக்கு இதில் யோசனை ஏதும் இல்லை.

டீக்கடையில் நகராத முப்பது ரூபாய்

டீக்கடையில் இரண்டு டீ குடித்துவிட்டுப் போனில் 30 ரூபாய் அனுப்புகிறீர்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி “முப்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கூவுகிறது. இப்போது எந்த நோட்டு எங்கிருந்து எங்கே போயிற்று? ஒன்றும் போகவில்லை. உங்கள் வங்கியின் கணக்கில் ஓர் எண் 30 குறைந்தது; கடைக்காரர் வங்கியின் கணக்கில் ஓர் எண் 30 கூடியது. அவ்வளவுதான். நாம் ‘வங்கியில் பணம் இருக்கிறது’ என்று சொல்வதே ஒரு பேரேட்டு வரியைத்தான். பேரேடு என்றால் யாரிடம் எவ்வளவு, யார் யாருக்குக் கொடுத்தார் என்று வரிசையாக எழுதி வைத்த கணக்குப் புத்தகம்.

அந்தப் பேரேட்டை ஏன் வங்கியிடம் விட்டிருக்கிறோம்? கணினியில் எதையும் நகலெடுக்கலாம் என்பதால்தான். பொங்கல் வாழ்த்துப் படம் ஒன்றை உங்களுக்கு அனுப்பினால் அது என்னிடமும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். 500 ரூபாய்த் தாள் அப்படியில்லை; கொடுத்தால் கை காலி. பணத்தைப் படம் போல ஒரு கோப்பாக மாற்றினால், ஒரே 500 ரூபாயைக் காலையில் மளிகைக் கடையிலும் மாலையில் துணிக்கடையிலும் கொடுத்துவிட முடியும். இதற்கு இரட்டைச் செலவு என்று பெயர். ஒரே இடத்தில் ஒரே ஒருவர் கணக்கு எழுதினால் இந்தத் தில்லுமுல்லு நடக்காது. அந்த ஒருவர்தான் வங்கி.

கிரிப்டோ கேட்பது ஒரே கேள்வி: அந்த ஒருவர் இல்லாமல் இதைச் செய்ய முடியுமா?

மொய் நோட்டை ஊருக்கே கொடுத்தால்

மொய் எழுதும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பணத்தை வாங்கி எண்ணுகிறார், ஒருவர் நோட்டில் எழுதுகிறார், ஒருவர் மைக்கில் பெயரும் ஊரும் தொகையும் வாசிக்கிறார். மைக்கில் வாசிப்பது வெறும் பெருமைக்காக என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது ஒரு பாதுகாப்பு ஏற்பாடும்கூட. ஐந்நூறு பேர் காதில் விழுந்த தொகையை நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

இதை இன்னும் ஒரு படி நீட்டுவோம். ஊரில் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் அந்த நோட்டின் முழுப் படி இருக்கிறது. யாரும் ரொக்கம் கொடுப்பதில்லை. “ராமசாமி, முருகேசனுக்கு 500” என்று மைக்கில் சொன்னால் போதும். எல்லா வீட்டாரும் ராமசாமியின் பக்கத்தைப் புரட்டி, அவரிடம் 500 இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எழுதிக்கொள்வார்கள். இல்லையென்றால் அறிவிப்பைக் கண்டுகொள்ள மாட்டார்கள். முருகேசன் தன் வீட்டு நோட்டில் 500-ஐ 5,000 ஆக்கினால் அது அவர் வீட்டோடு நிற்கும். மற்ற நோட்டுகள் அவரைக் காட்டிக்கொடுத்துவிடும். இந்த ஊருக்கு வங்கி தேவையில்லை. கொஞ்ச நாளில் ரொக்கமும் தேவையில்லை. நோட்டில் உள்ள எழுத்தே பணமாகிவிடும்.

கேட்க நன்றாக இருக்கிறது. மூன்று ஓட்டைகளும் இருக்கின்றன. மைக்கில் பேசியது ராமசாமிதான் என்று எப்படித் தெரியும்? கீழத்தெருவில் முருகேசனுக்கு 500 என்றும் அதே நொடியில் மேலத்தெருவில் செல்விக்கு 500 என்றும் ராமசாமி அறிவித்தால் எதை எழுதுவது? பெரும்பான்மை சொல்வதை எழுதலாம் என்றால், முகம் தெரியாத இணையத்தில் ஒரே ஆள் ஆயிரம் வீட்டுக்காரராக வேடம் போட்டால் என்ன செய்வது? கடைசிக் கேள்விதான் கணினி அறிஞர்களைப் பல்லாண்டு காலம் திணறடித்தது.

ஒன்பது பக்கம்

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவாலானது. அடுத்த மாதம் 31-ஆம் தேதி, சதோஷி நாகமோட்டோ என்ற பெயரில் ஒருவர் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்றை இணையத்தில் வெளியிட்டார். வங்கி போன்ற நடுவர் இல்லாமல் ஒருவர் மற்றவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் முறை அதில் இருந்தது. 2009 ஜனவரி 3-இல் பிட்காயின் ஓடத் தொடங்கியது. அதன் பேரேட்டின் முதல் பக்கத்திலேயே, வங்கிகளை இரண்டாம் முறையாகக் கைதூக்கிவிட பிரிட்டன் நிதியமைச்சர் தயாராவதாகச் சொல்லும் அன்றைய லண்டன் ‘டைம்ஸ்’ தலைப்புச் செய்தியைப் பொறித்து வைத்திருக்கிறார். தேதிக்குச் சாட்சி, கூடவே ஒரு குத்தல்.

சதோஷி யார் என்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. ஒருவரா, குழுவா என்பதும் தெரியாது. இந்த மர்மத்தில் பலர் மணிக்கணக்கில் மயங்குகிறார்கள். எனக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆளே இல்லாமல் அமைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது என்பதுதான் சுவையான செய்தி.

முதல் ஓட்டை: பேசியது ராமசாமிதானா?

கோயில் உண்டியலை எண்ணிப் பாருங்கள். யார் வேண்டுமானாலும் காசு போடலாம். சாவி வைத்திருப்பவர் மட்டுமே திறக்கலாம். அந்த உண்டியலைக் கண்ணாடியில் செய்து, மேலே பெயருக்குப் பதில் ஒரு நீண்ட எண்ணை ஒட்டினால் அதுதான் பிட்காயின் முகவரி. முகவரியை ஊருக்கே சொல்லலாம். அதற்குரிய ரகசியச் சாவி என்பது கணிக்கவே முடியாத அளவுக்குப் பெரிய ஓர் எண். அதை உரியவர் மட்டும் வைத்திருப்பார்.

ராமசாமி பணம் அனுப்பும்போது சாவியை யாரிடமும் காட்டுவதில்லை. சாவியை வைத்து அந்த அறிவிப்பின் மேல் ஒரு கணித முத்திரை குத்துகிறார். இதற்கு டிஜிட்டல் கையொப்பம் என்று பெயர். முத்திரையைப் பார்த்து, உரிய சாவியால்தான் இது குத்தப்பட்டது என்று யாரும் சரிபார்க்கலாம். ஆனால் முத்திரையிலிருந்து சாவியைக் கண்டுபிடிக்க முடியாது. தொகையில் ஒரு சுழியைக் கூட்டினாலும் முத்திரை பொருந்தாமல் போய்விடும்.

‘கிரிப்டோ’ என்ற முன்னொட்டு வந்தது இங்கிருந்துதான். கிரிப்டோகிராபி என்றால் மறையீட்டுக் கலை. பெயரைக் கேட்டு எல்லாம் மறைவாக நடக்கும் என்று நினைத்துவிடுகிறோம். பிட்காயினில் பேரேடு முழுக்கத் திறந்தே கிடக்கிறது. மறையீட்டுக் கலை இங்கே பூட்டுக்கும் முத்திரைக்கும் மட்டும்தான் பயன்படுகிறது.

சங்கிலி எப்படிப் பிணைகிறது?

அடுத்த இரண்டு ஓட்டைகளையும் அடைப்பதற்கு முன் ஒரு கருவியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் பெயர் ஹாஷ்.

அரிசியையும் உளுந்தையும் அரைத்தால் மாவு வரும். மாவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. ஹாஷ் அப்படி ஓர் அரைவை எந்திரம். எந்த எழுத்தைப் போட்டாலும், அது ஒரு வரியாக இருந்தாலும் முழுத் திருக்குறளாக இருந்தாலும், ஒரே நீளமுள்ள ஒரு குறியீடு வெளியே வரும். பிட்காயின் பயன்படுத்தும் முறையில் அது 64 எழுத்து நீளம். இட்லி மாவிலிருந்து இது வேறுபடும் இடங்கள் இரண்டு. அதே எழுத்தைப் போட்டால் எத்தனை முறை அரைத்தாலும் அச்சுப் பிசகாமல் அதே குறியீடுதான் வரும். 1,330 குறளில் ஒரே ஒரு புள்ளியை எடுத்துவிட்டு அரைத்தால் கொஞ்சமும் தொடர்பில்லாத வேறு குறியீடு வரும். ஆகவே ஹாஷ் ஒரு கைரேகை மாதிரி. ஆவணத்தை முழுக்கப் படிக்காமலே, அதில் யாராவது கை வைத்திருக்கிறார்களா என்று சொல்லிவிடலாம்.

பிட்காயினில் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, வந்து சேர்ந்த அறிவிப்புகளில் சில ஆயிரத்தைத் திரட்டி ஒரு பக்கமாக எழுதுகிறார்கள். இந்தப் பக்கத்துக்குப் பிளாக் என்று பெயர். ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் அதற்கு முந்தைய பிளாக்கின் ஹாஷ் எழுதப்பட்டிருக்கும். ஐம்பதாம் பக்கத்தில் நீங்கள் ஓர் எண்ணைத் திருத்தினால் அதன் ஹாஷ் மாறும். ஐம்பத்தோராம் பக்கத்தின் தலையில் இருக்கும் குறிப்போடு பொருந்தாது. அதைத் திருத்தினால் ஐம்பத்திரண்டு உதைக்கும். இப்படிக் கடைசிப் பக்கம் வரை போக வேண்டும். இந்தப் பிணைப்புதான் பிளாக்செயின். விளம்பரங்களில் இந்தச் சொல்லுக்கு ஏற்றியிருக்கும் மகிமைகளைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது இதுதான்: பக்கங்கள் ஒன்றோடொன்று முடிச்சிட்ட ஒரு கணக்கு நோட்டு, பல்லாயிரம் கணினிகளில் ஒரே மாதிரியான படிகளாக.

மைனிங்: கண்ணை மூடிக்கொண்டு எண்ணைத் திருப்புதல்

அடுத்த பக்கத்தை யார் எழுதுவது? இதற்கு நடக்கும் போட்டிக்கு மைனிங் என்று பெயர் வைத்ததால் மண்வெட்டியும் சுரங்கமும் நினைவுக்கு வருகின்றன. ‘சிக்கலான கணிதப் புதிர்களைத் தீர்க்கிறார்கள்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அதில் புதிரும் இல்லை, புத்தியும் இல்லை.

எண் பூட்டுள்ள சூட்கேஸ் உங்கள் வீட்டில் இருக்கலாம். மூன்று எண்கள். மறந்துவிட்டால் 000 முதல் 999 வரை ஒவ்வொன்றாகத் திருப்புவதைத் தவிர வழியில்லை. திறப்பது சள்ளை பிடித்த வேலை. திறந்துவிட்டதா என்று பார்க்க ஒரு நொடி போதும். மைனிங் இதே வேலைதான். பிளாக்கில் ஓர் எண்ணுக்கு மட்டும் இடம் காலியாக விடப்பட்டிருக்கும். அதில் ஏதோ ஓர் எண்ணைப் போட்டு மொத்தத்தையும் ஹாஷ் எந்திரத்தில் அரைக்க வேண்டும். வரும் குறியீடு வரிசையாக இத்தனை சுழிகளோடு தொடங்க வேண்டும் என்பது விதி. இல்லையா, எண்ணை மாற்று, மறுபடி அரை. இப்போதைய நிலவரத்தில் பத்தொன்பது சுழிகளாவது வேண்டும். உலகம் முழுக்கக் கிடங்கு கிடங்காக நிற்கும் எந்திரங்கள் இரவும் பகலும் செய்வது இந்தக் குருட்டு யூகத்தைத்தான். முதலில் அடித்தவர் அந்தப் பக்கத்தை எழுதுவார். மற்றவர்கள் நொடியில் சரிபார்த்து, தங்கள் நோட்டில் சேர்த்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போவார்கள்.

எந்திரங்கள் கூடினால் விடை சீக்கிரம் கிடைக்குமே? அதற்காகத்தான் 2,016 பிளாக்குகளுக்கு ஒருமுறை, அதாவது ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பூட்டின் கடினம் தானாகவே கூட்டியோ குறைத்தோ அமைக்கப்படுகிறது. 2021-இல் சீனா மைனிங்கைத் தடை செய்தபோது எந்திரங்களில் பெரும்பகுதி ஒரே அடியில் அணைந்தது. சில வாரங்கள் பக்கங்கள் மெதுவாக வந்தன. பிறகு கடினம் குறைந்தது, பழைய வேகம் திரும்பியது.

இப்போது அந்த ஆயிரம் வேடக்காரருக்கு வருவோம். இந்த ஊரில் தலைக்கு ஒரு ஓட்டு கிடையாது, உழைப்புக்குத்தான் ஓட்டு. ஆயிரம் பொய்ப்பெயர் வைத்துக்கொள்ளக் காசு செலவில்லை. ஆயிரம் எந்திரம் வாங்கி மின்கட்டணம் கட்டச் செலவு உண்டு. பழைய பக்கம் ஒன்றைத் திருத்த நினைப்பவர், அந்தப் பக்கத்திலிருந்து இன்றுவரை எல்லாப் பூட்டுகளையும் மறுபடி திறக்க வேண்டும். அதுவும் மற்ற எல்லாரும் சேர்ந்து முன்னேறும் வேகத்தைவிட வேகமாக. இந்த ஏற்பாட்டுக்கு உழைப்புச் சான்று என்று பெயர். ராமசாமியின் இரட்டை அறிவிப்பும் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. எது பக்கத்தில் முதலில் ஏறியதோ அது செல்லும், மற்றது தள்ளுபடி. பெரிய தொகையென்றால் மேலே இன்னும் ஐந்து பக்கங்கள் ஏறும் வரை, சுமார் ஒரு மணி நேரம், காத்திருப்பது வழக்கம்.

இவ்வளவு மின்சாரத்தை ஏன் கொளுத்துகிறார்கள்? கூலி கிடைக்கிறது. பக்கத்தை எழுதியவர் தன் பெயரில் புதிதாகச் சில பிட்காயின்களை வரவு வைத்துக்கொள்ளலாம்; புதிய பிட்காயின் பிறக்கும் ஒரே வழி அதுதான். தொடக்கத்தில் ஒரு பக்கத்துக்கு 50. ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அது பாதியாகும். 2024 ஏப்ரலிலிருந்து 3.125. இப்படிக் குறைந்துகொண்டே போய் மொத்தம் 2 கோடியே 10 லட்சத்தைத் தாண்டாமல் நின்றுவிடும். அதில் சுமார் 95 விழுக்காடு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது.

மின்செலவு பற்றிய குற்றச்சாட்டு மிகைப்படுத்தல் அல்ல. நடுத்தர அளவுள்ள ஒரு நாடு செலவிடும் மின்சாரத்தோடு அதை ஒப்பிடலாம். இவ்வளவு செலவிட்டும் பிட்காயின் பேரேட்டில் நொடிக்கு ஏழு வரிக்கு மேல் ஏறுவது கடினம். நாளுக்குச் சுமார் 6 லட்சம் வரி. நம் யூபிஐ 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. நாளுக்கு 60 கோடிக்கும் மேல். டீக்கடைக்கு எது தோது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. நடுவரை நீக்கியதற்கான விலை அது.

இதுவரை பார்த்ததை ஒருமுறை திரும்பப் பார்த்துக்கொள்வோம். பிட்காயின் என்பது பலர் படியெடுத்து வைத்திருக்கும் ஒரு பேரேடு. சாவி உள்ளவர் முத்திரை குத்தி அறிவிக்கிறார். அறிவிப்புகள் பக்கங்களாகின்றன, பக்கங்கள் ஹாஷால் பிணைகின்றன. அடுத்த பக்கத்தை எழுதும் உரிமையை மின்சாரத்தைச் செலவிட்டு வெல்ல வேண்டும். இது பிடிபட்டுவிட்டால் கடினமான பகுதியைக் கடந்துவிட்டீர்கள்.

வாலட்டுக்குள் என்ன இருக்கிறது?

கல்லூரி மாணவன் சொன்ன வாலட்டுக்குள் காசு இல்லை, சாவி இருக்கிறது. அவ்வளவே. போன் தண்ணீரில் விழுந்தால் பிட்காயின் மூழ்காது, ஏனென்றால் அது அங்கே இல்லவே இல்லை. சாவியின் மாற்றுப் படி இருந்தால் வேறு போனில் தொடரலாம். அந்த மாற்றுப் படிக்காக, 2,048 சொற்கள் கொண்ட ஒரு நிலையான பட்டியலிலிருந்து எடுத்த 12 அல்லது 24 சொற்களை வாலட் உங்களுக்குக் கொடுக்கும். அதை மீட்புச் சொற்றொடர் என்பார்கள். அந்தச் சொற்களைத் தெரிந்தவர் எவரோ அவர்தான் உரிமையாளர். பேரேட்டுக்கு உங்கள் முகம் தெரியாது, ஆதார் தெரியாது.

சாவி தொலைந்தால்? கடவுச்சொல்லை மறந்தேன் என்று அழுத்துவதற்குப் பொத்தான் இல்லை. வேல்ஸ் நாட்டின் நியூபோர்ட் நகரில் ஒருவர் 2013-இல் ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைக் குப்பையில் போட்டுவிட்டார். சுமார் 8,000 பிட்காயினுக்கான சாவி அதில் இருந்தது. குப்பை மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டு நகர மன்றத்தோடும் நீதிமன்றத்தோடும் பல ஆண்டுகள் போராடினார். அவருடைய பிட்காயின்கள் பேரேட்டில் பத்திரமாக இருக்கின்றன, எல்லாரும் பார்க்கலாம். யாராலும் தொட முடியாது.

இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று பெரும்பாலானோர் எக்ஸ்சேஞ்சில் வைக்கிறார்கள். எக்ஸ்சேஞ்ச் என்பது ரூபாய் கொடுத்து கிரிப்டோ வாங்கவும் விற்கவும் உதவும் நிறுவனம். ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள்: அங்கே உங்கள் கணக்கில் தெரியும் எண், பிட்காயின் பேரேட்டில் உங்கள் பெயரில் இருப்பதில்லை. நிறுவனத்தின் சொந்த நோட்டில்தான் இருக்கிறது. சாவி அவர்களிடம். வங்கியே வேண்டாம் என்று புறப்பட்டவர், சுற்றிவளைத்து மறுபடி ஒரு வங்கி வாசலில் நிற்கிறார். இங்கே வங்கி வைப்புக்கு உள்ள 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் கிடையாது.

‘பிட்காயினை ஹேக் செய்துவிட்டார்கள்’ என்று வரும் செய்திகளில் மிகப் பெரும்பாலானவை இந்த வாசலில் நடந்தவை. 2014-இல் டோக்கியோவின் மவுண்ட் காக்ஸ் நிறுவனம் சுமார் 8.5 லட்சம் பிட்காயின்களைக் காணவில்லை என்றது. 2 லட்சம் பிறகு கிடைத்தது. கனடாவின் குவாட்ரிகா கதை இன்னும் விசித்திரம். அதன் நிறுவனர் 2018 டிசம்பரில் ஜெய்ப்பூரில் இறந்தார். சாவிகள் அவரோடு போய்விட்டன என்று சொல்லப்பட்டது. விசாரித்துப் பார்த்தால், வாடிக்கையாளர் பணத்தில் பெரும்பகுதி அவர் உயிரோடு இருந்தபோதே மோசடியில் கரைந்திருந்தது. 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சரிந்தது; அதன் தலைவருக்கு 25 ஆண்டு சிறை. எதிலும் பிளாக்செயின் உடையவில்லை. பூட்டு நன்றாகத்தான் இருந்தது, சாவியை வாங்கி வைத்திருந்தவரிடம் கோளாறு.

கண்ணாடி உண்டியலில் கறுப்புப் பணம்

கறுப்புப் பணக்காரருக்கும் கடத்தல்காரருக்கும் இது சொர்க்கம் என்று ஒரு பேச்சு உண்டு. பாதி உண்மை. உண்டியலில் பெயர் இல்லை என்பது வசதி. கண்ணாடியாக இருப்பது வம்பு. எந்த முகவரியிலிருந்து எதற்கு எவ்வளவு போனது என்பது என்றென்றைக்கும் எல்லார் கண்ணிலும் படும். ஒரே ஒருமுறை அந்த முகவரி ஓர் ஆளோடு பொருந்திவிட்டால் பழைய வரலாறு முழுவதும் வெளிச்சத்துக்கு வரும். பிட்ஃபினெக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 2016-இல் சுமார் 1,20,000 பிட்காயின்கள் திருடப்பட்டன. ஆறு ஆண்டு கழித்து, அவற்றில் 94,000-க்கும் மேற்பட்டவற்றை அமெரிக்க அரசு தடம்பிடித்துக் கைப்பற்றியது. கட்டுக்கட்டாக ரொக்கம் வைத்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது.

பிட்காயினைத் தாண்டி

பிட்காயின் ஒரு கிரிப்டோகரன்சி. கிரிப்டோகரன்சி எல்லாம் பிட்காயின் அல்ல. 2015-இல் தொடங்கிய எதீரியம், பேரேட்டில் கணக்கோடு கூடச் சிறு நிரல்களையும் எழுதி வைக்க வழி செய்தது. நிபந்தனை நிறைவேறினால் பணம் தானாகக் கைமாறும். 2022 செப்டம்பரில் அது மின்சாரப் போட்டியைக் கைவிட்டு, தன் காயின்களை ஈடாகக் கட்டிவைப்பவர்கள் பக்கம் எழுதும் முறைக்கு மாறியது. மின்செலவு 99 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்தது. டாலருக்குச் சமமாக விலை நிற்கும்படி செய்யப்பட்டவை ஸ்டேபிள்காயின்கள். நிற்கும் என்று நம்பித்தான் வாங்குகிறார்கள். 2022 மே மாதம் டெர்ராவின் டாலர் காயின் சில நாளில் சரிந்து காணாமல் போனது. டோஜ்காயின் 2013-இல் நாய்ப் படத்தோடு கிண்டலாகத் தொடங்கப்பட்டது. கிண்டல் என்று எல்லாருக்கும் தெரிந்தும் விலை ஏறியது.

இவை எதிலும் சேராத இன்னொரு வகை நம் ஊர்களில் மண்டபம் பிடித்துக் கூட்டம் போடுகிறது: மாதம் இத்தனை விழுக்காடு, ஆள் சேர்த்தால் கூடுதல். பல்கேரியாவில் 2014-இல் தொடங்கிய ஒன்காயின் இதற்குத் தலைப்பிள்ளை. உலகெங்கும் சுமார் 400 கோடி டாலர் சுருட்டியது. அதன் தலைவி 2017-இல் தலைமறைவானார், இன்னும் அகப்படவில்லை. அந்த ஒன்காயினுக்கு உண்மையான பிளாக்செயினே இருக்கவில்லை. நிறுவனத்தின் கணினியில் அவர்களே தட்டிக்கொண்ட எண்கள்தான். யாராவது புதுக் காயின் விற்க வந்தால், ‘இதன் பேரேட்டை உங்கள் தயவில்லாமல் நான் எங்கே பார்க்கலாம்?’ என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அங்கே கொடுக்கும் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். தெளிவான பதில் வந்துவிட்டால் மட்டும் நல்ல காயின் என்று ஆகிவிடாது. பேரேடு நேர்மையாக இருந்தும் மதிப்பில்லாமல் போனவை எத்தனையோ.

விலை எங்கிருந்து வருகிறது?

2010 மே 22 அன்று அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் 10,000 பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா வாங்கினார். அன்றைய மதிப்பு சுமார் 41 டாலர். 2021 நவம்பரில் ஒரே ஒரு பிட்காயின் 69,000 டாலரைத் தொட்டது. ஓராண்டில் 16,000-க்குக் கீழே விழுந்தது. 2024 டிசம்பரில் ஒரு லட்சத்தைத் தாண்டியது. இடைப்பட்ட காலத்தில் பேரேடு எழுதும் முறை மாறவில்லை. மாறியது வாங்குபவர் மனநிலை.

நிறுவனப் பங்குக்குப் பின்னால் லாபம் இருக்கிறது. ரூபாய்க்குப் பின்னால் ரிசர்வ் வங்கியும், வரியை ரூபாயில்தான் வாங்குவேன் என்று நிற்கும் அரசும் இருக்கின்றன. பிட்காயினுக்குப் பின்னால் இருப்பது, இதை நாளைக்கு இன்னொருவர் வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை. தங்கமும் பெருமளவு அப்படித்தானே என்பார்கள். சரியான வாதம்தான், ஆனால் தங்கத்துக்குப் பல்லாயிரம் ஆண்டுப் பழக்கம் இருக்கிறது, இதற்கு இன்னும் இருபது வயதாகவில்லை. ‘2 கோடியே 10 லட்சம்தான், அதனால் விலை ஏறியே தீரும்’ என்ற வாதம்தான் எனக்குப் பிடிபடுவதில்லை. நான் ஐந்தாம் வகுப்பில் வரைந்த யானைப் படமும் உலகில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. யாரும் கேட்டு வரவில்லை.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

தடையா அனுமதியா என்று ஒரே சொல்லில் கேட்பவர்களுக்கு ஏமாற்றம்தான். கிரிப்டோவைத் தொடும் வாடிக்கையாளர்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. 2020 மார்ச் 4-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி, அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரி. அந்த ஜூலை முதல் விற்கும் தொகையில் 1 விழுக்காடு முன்கூட்டியே பிடித்தம். பலர் கவனிக்காத கண்ணி ஒன்று உண்டு. ஒரு காயினில் ஒரு லட்சம் லாபம், இன்னொன்றில் ஒரு லட்சம் நட்டம் என்றால் கை கணக்கில் லாபம் பூஜ்யம். வரிக் கணக்கில் அப்படியில்லை. நட்டத்தைக் கழிக்க முடியாது, லாபத்துக்கு 30,000 ரூபாயும் செஸ்ஸும் கட்டியாக வேண்டும். வரி வாங்குவதால் அது சட்டப்படி செல்லும் பணமாகிவிடவும் இல்லை. கடைக்காரர் பிட்காயினை வாங்க மறுக்கலாம்.

2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ திருடப்பட்டது. எல்லாருடைய கணக்கும் முடக்கப்பட்டது. நட்டத்தை எல்லாரும் பகிர வேண்டும் என்றது நிறுவனம். என் காயின் திருடப்பட்ட வகையே அல்லவே என்று ஒரு வாடிக்கையாளர் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2025 அக்டோபரில் தீர்ப்பு வந்தது: கிரிப்டோ தொட்டுப் பார்க்கும் பொருளல்ல, நாணயமும் அல்ல, ஆனாலும் ஒருவர் உடைமையாக வைத்திருக்கக்கூடிய சொத்து. சித்தப்பா கேட்ட அதே கேள்விக்குச் சட்டத்தின் மொழியில் ஒரு பதில்.

ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரில் பொதுமக்களிடம் சோதனை முறையில் விட்ட மின் ரூபாயை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது வழக்கமான ரூபாய்தான், பேரேடு ரிசர்வ் வங்கியிடம்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொல்லி முடிக்கும்போது பாயசம் ஆறிப்போயிருந்தது. மைக்கில் யாரோ ஐயாயிரத்து ஒன்று எழுதியதை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அந்தப் பன்னிரண்டு சொல்லை ஒரு தாளில் எழுதி வங்கி லாக்கரில் வைத்துவிட்டால் பத்திரம்தானே?” என்றார்.